தாத்தாவோட கணக்கு நோட்டும் நாலாவது பகுதியும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆபீஸ்ல ஆணி புடுங்கியே பொழுது போயிடுது. போகிக்கு முந்தின நாள் ஒருவழியா லீவு கிடைச்சு, பெங்களூர்ல இருந்து ஊருக்குப் போயிருந்தேன். புதுசா வர்றவங்களுக்கு: நம்ம ஊரு கம்பைநல்லூர், தருமபுரி மாவட்டம். ரயில்ல வர்றவங்க மொரப்பூர்ல இறங்கி வரணும். நான் பஸ் பார்ட்டி. ஓசூர், கிருஷ்ணகிரி, காரிமங்கலம்னு மாறி மாறி ஏறி வீடு போய்ச் சேர அரை நாள் காலி.

போகிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது பரண் மேல இருந்த தகரப் பெட்டியில ஒரு நோட்டு கிடைச்சுது. தாத்தாவோட கணக்கு நோட்டு. நீளமா, காக்கி அட்டை போட்டு, ஓரமெல்லாம் கரையான் தின்னது. உள்ளே பக்கம் பக்கமா எழுத்து. அத்தனையும் தெலுங்கு எழுத்து.

அப்பாகிட்ட காட்டினேன். "எனக்கு எங்கடா படிக்கத் தெரியும்"னு சொல்லிட்டு வெள்ளை அடிக்கப் போயிட்டார். அவ்வாவுக்கு (எங்க வீட்ல பாட்டியை அவ்வான்னுதான் கூப்பிடுவோம்) எந்த எழுத்துமே தெரியாது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும் படிக்க வரும். நான் இஞ்சினியரிங் முடிச்சு, நாலு கம்ப்யூட்டர் மொழி தெரியும்னு ரெஸ்யூம்ல போட்டு வேலை வாங்கினவன். எனக்கு ஒரு வரி கூட படிக்க முடியலை.

இத்தனைக்கும் எங்க வீட்ல நாங்க தினமும் பேசுறது தெலுங்குதான்!

"யாருக்கும் ஆகாத நோட்டு, பழைய பாயோட சேர்த்து போட்டுடு"ன்னாங்க அம்மா. கரையான் தின்ன மத்த சாமான் எல்லாம் போகித் தீக்குப் போச்சு. நோட்டை மட்டும் என் லேப்டாப் பையில சொருகிக்கிட்டேன். இந்தப் பதிவு அந்த நோட்டைப் பத்தினது. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சட்டம், கொஞ்சம் கொசுவத்தி எல்லாம் கலந்து வரும். நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல, இந்தப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் எப்படி வந்துச்சுங்கிற கேள்வி. டீக்கடையில பேச்சு சூடானா "நீங்கல்லாம் வந்தேறிங்க தானே"ன்னு ஒருத்தர் சொல்லுவார். சிரிச்சுக்கிட்டே தான் சொல்லுவார். நானும் சிரிச்சுக்கிட்டே தான் டீயைக் குடிப்பேன்.

தருமபுரியோட பழைய பேரு தகடூர். அதியமான் ஊர்னு எல்லாருக்கும் தெரியும். அதே தகடூரை 9ஆம் நூற்றாண்டுல நுளம்பர்கள் ஆண்டிருக்காங்க, அவங்க வெட்டி வெச்சது கன்னடக் கல்வெட்டு. அப்புறம் சோழர், ஹொய்சளர், விஜயநகரம். விஜயநகர, நாயக்கர் காலத்துல தெலுங்கு பேசுற குடிகள் தமிழ்நாடு முழுக்கப் பரவினாங்க. 17ஆம் நூற்றாண்டு கடைசியில சிக்கதேவராஜ உடையார் காலத்துல இந்தப் பக்கம் மைசூர் கைக்குப் போச்சு. ஹைதரும் திப்புவும் ஆண்டாங்க. 1792ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகள்ல பாரமகாலும் ஒண்ணு. பாரமகால்னா நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கின சீமை. அதைக் கம்பெனிக்காக நிலம் அளந்து வரி போட வந்தவங்கதான் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும். மன்றோ பின்னாடி சென்னை கவர்னர் ஆனவர்.

அதாவது நம்ம சீமையில மூணு மொழியும் பல நூறு வருஷமாப் புழங்குது. யாரு எப்ப வந்தாங்கன்னு தோண்டினா எல்லாருக்கும் ஏதாவது ஒரு தேதி கிடைக்கும். எங்க அவ்வா சந்தையில தமிழ் பேசும், வீட்ல தெலுங்கு பேசும், தளி பக்கத்துல இருந்து வர்ற சொந்தக்காரங்களோட கன்னடத்துல சண்டை போடும். இதை யாரும் அவ்வாவுக்குச் சொல்லிக் கொடுக்கலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தாய்மொழி ஒண்ணும், அதுக்கு மேல தெரிஞ்ச மொழி ரெண்டும்தான் எழுதுவாங்க. நல்லவேளை, அவ்வா சரியா மூணோட நிறுத்திக்கிச்சு :-)

தாத்தா பிறந்தது வேப்பனப்பள்ளி பக்கம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். அவர் சின்னப் பையனா இருந்தப்போ எல்லையே கிடையாது, எல்லாம் சென்னை மாகாணம். திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல விரல் வெச்சு தெலுங்கு எழுத்து கத்துக்கிட்டாராம். கல்யாணத்துக்கு அப்புறம் கம்பைநல்லூர் வந்து குத்தகைக்கு நிலம் பிடிச்சார். கடைசி வரைக்கும் கணக்கு எழுதினது அந்த மணல்ல கத்துக்கிட்ட எழுத்துலதான்.

இப்ப மேட்டருக்கு வருவோம். தாத்தாவுக்குத் தெரிஞ்ச எழுத்து அப்பாவுக்கு ஏன் தெரியலை? யாராவது தடை பண்ணினாங்களா? இல்லை. தெலுங்கு பேசக்கூடாதுன்னு எந்த அரசாங்கமும் என்னைக்கும் சொன்னதில்லை. இதைத் தெளிவா சொல்லிடறேன், இல்லாட்டி ஆட்டோ வரும்.

1953 அக்டோபர் 1ல ஆந்திரா பிரிஞ்சுது. 1956 நவம்பர் 1ல மொழிவாரி மாநிலம் வந்துச்சு. அப்ப கோயம்புத்தூர் மாவட்டத்துல இருந்த கொள்ளேகால் தாலுகா மைசூருக்குப் போச்சு. சேலம் மாவட்டத்துல இருந்த ஓசூர் இங்கேயே நின்னுடுச்சு. கோடு எங்கே போட்டாலும் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளு மிஞ்சத்தானே செய்யும்? அந்த மிஞ்சின ஆளுகளுக்குத்தான் "மொழிச் சிறுபான்மையினர்"னு பேரு. நேத்து வரைக்கும் சும்மா குடியானவரா இருந்த தாத்தா, இடம் நகராமலேயே சிறுபான்மை ஆயிட்டார்.

இவங்களுக்காக அரசியல் சட்டத்துல 7ஆவது திருத்தமா 350-ஏ, 350-பி ரெண்டையும் அதே 1956ல சேர்த்தாங்க. ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில குடுக்க மாநிலங்கள் முயற்சி எடுக்கணும்னு முதல் பிரிவு சொல்லுது. மொழிச் சிறுபான்மையினருக்குத் தனி ஆணையர் வேணும்னு ரெண்டாவது சொல்லுது. நல்ல விஷயம்தான். ஆனா நடைமுறைக்கு ஒரு கணக்கு வேணுமே? அந்தக் கணக்கு 1949லயே மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டுல போட்டது. ஒரு பள்ளியில 40 பிள்ளைங்க, இல்லைன்னா ஒரு வகுப்புல 10 பிள்ளைங்க அந்த மொழி பேசுறவங்களா இருந்தா அவங்களுக்கு அந்த மொழியில சொல்லிக்கொடுக்க வாத்தியார் போடணும்.

பத்து, நாப்பது. இந்த ரெண்டு நம்பர்தான் எங்க அப்பாவோட எழுத்தைத் தீர்மானிச்சுது.

வேப்பனப்பள்ளி, சூளகிரி, தளி பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுறவங்க ஊர் ஊரா இருக்காங்க. பத்து சுலபமா தேறும். கம்பைநல்லூர்ல எங்க ஆளுங்க நாலு தெருவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருக்கிற குடும்பங்க. அப்பா ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தப்போ அவர் வகுப்புல தெலுங்கு வீட்டுப் பிள்ளைங்க மூணு பேரு. மூணு பேருக்கு வாத்தியார் வராது. வரணும்னு கேட்கவும் ஒருத்தருக்கும் தோணலை. அப்பா தமிழ்ல படிச்சார். நல்லாவே படிச்சார். இன்னைக்கும் பேப்பர்ல தப்புத் தமிழ் வந்தா சிவப்பு மையில வட்டம் போடுவார்.

எனக்கும் அதே கதைதான். கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் வழி. இதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் கிடையாது. தமிழ் எனக்கு வெளியில இருந்து வந்த மொழியா ஒரு நாளும் தோணினதில்லை. கனவு வர்றது தமிழ்ல. கோவம் வந்தா திட்டுறதும் தமிழ்ல (அம்மாகிட்ட மாட்டிக்கிட்டா மட்டும் தெலுங்கு). கரிசல் தமிழை நமக்கெல்லாம் எழுதிக் காட்டின கி.ராஜநாராயணன் வீட்டு மொழியும் தெலுங்குதான். தெலுங்கு பேசுற குடிகள் தெற்கே வந்து காடு திருத்தின கதையைத்தான் 'கோபல்ல கிராமம்'னு எழுதினார். அதோட தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991ல சாகித்ய அகாடமி விருது கிடைச்சுது. வீட்டுக்குள்ள ஒண்ணு, வாசல்ல ஒண்ணு, ரெண்டும் நம்மளுதுன்னு வாழ முடியும்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

ஆக, ஊருக்கு ஒரு மாதிரி ஏற்பாடு ஓடிக்கிட்டிருந்துச்சு. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது வழிப் பள்ளிக்கூடங்கள் இருந்துச்சு. பாடத்திட்டத்துல முதல் பகுதி 'தாய்மொழி அல்லது வட்டார மொழி', ரெண்டாவது பகுதி ஆங்கிலம். 1968 ஜனவரி 23ல அண்ணா முதல்வரா இருந்தப்போ சட்டமன்றத்துல தீர்மானம் போட்டு மும்மொழித் திட்டம் வேண்டாம், தமிழும் ஆங்கிலமும் போதும்னு முடிவு பண்ணினப்போ கூட, தெலுங்கு வீட்டுப் பிள்ளை முதல் பகுதியில தெலுங்கு எடுத்துக்கிட்டு காலம் தள்ளலாம்.

இதுல ஒரு ஓட்டையும் இருந்துச்சு. முதல் பகுதியில தமிழ் எடுத்தே ஆகணும்னு இல்லாததால, பெரிய ஊர்ல வசதியான பள்ளிக்கூடங்கள்ல சமஸ்கிருதம், பிரெஞ்சு, இந்தின்னு எடுத்து மார்க்கை அள்ளினாங்க. தமிழ் வீட்டுப் பிள்ளையே தமிழ்ல ஒரு வரி எழுதாம பத்தாவது, பன்னெண்டாவது தாண்டிடலாம். தமிழ்நாட்டுல பிறந்து வளர்ந்து தமிழ் தெரியாம போறது அசிங்கம் இல்லையான்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

அதுக்குப் பதிலா வந்ததுதான் 2006ஆம் வருஷத்து தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம். கலைஞர் முதல்வரா இருந்தப்போ நிறைவேத்தினது. சட்டம் என்ன சொல்லுதுன்னா, பள்ளிப் படிப்பு நாலு பகுதி. முதல் பகுதி தமிழ், கட்டாயம். ரெண்டாவது ஆங்கிலம், கட்டாயம். மூணாவது கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். நாலாவது பகுதி: தாய்மொழி தமிழோ ஆங்கிலமோ இல்லாதவங்க விருப்பம் இருந்தா தங்களோட தாய்மொழியைப் படிச்சுக்கலாம். 2006-07ல ஒண்ணாம் வகுப்புல ஆரம்பிச்சு, வருஷத்துக்கு ஒரு வகுப்பா ஏறி, 2015-16ல பத்தாம் வகுப்பைத் தொடும்.

புரோக்ராம் எழுதறவனாப் பார்த்தா அழகான ரோல்-அவுட். ஒரே நாள்ல எல்லாரையும் போட்டுத் தாக்காம, பத்து வருஷம் டைம் குடுத்து படிப்படியா. பேப்பர்ல பார்த்தா ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனா அந்த முதல் பேட்ச்ல எங்க மாமா பொண்ணு இருந்தா.

மாமா ஊரு ஓசூர் பக்கத்துல ஒரு கிராமம். அவ 2006 ஜூன்ல ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தா. தெலுங்கு வழிப் பள்ளிக்கூடம் (பேரு வேண்டாம்). சட்டப்படி அன்னையில இருந்து அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கணும். அவ சொல்றா, எட்டாவது வரைக்கும் தமிழுக்குன்னு தனி வாத்தியார் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லையாம். தமிழ் பீரியட்ல தெலுங்கு வாத்தியாரே வந்து அ, ஆ எழுதிப் போட்டுட்டு கணக்கு நோட்டு திருத்துவாராம். ஒன்பதாவதுல ஒரு டீச்சர் வந்தாங்க. அவங்க கையில எடுத்தது ஒன்பதாவது தமிழ்ப் புத்தகம். செய்யுள், உரைநடை, இலக்கணம். "தேமா புளிமா"ன்னு அவங்க போர்டுல எழுத, இவ அந்த 'ளி' எழுத்தையே எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டு இருந்திருக்கா.

ஒரு லீவுல ஊருக்கு வந்தப்போ என்கிட்ட அந்தப் புத்தகத்தை நீட்டினா. "பாவா, இதை எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க, நான் தெலுங்குல எழுதி மனப்பாடம் பண்ணிக்கிறேன்"னா. அதே மாதிரி உட்கார்ந்து செய்தோம். நான் தமிழ்ல படிக்க, அவ தெலுங்கு எழுத்துல எழுதிக்கிட்டா. தமிழ் பேச அவளுக்கு நல்லாவே வரும். எழுத்துதான் வராது.

அவளை மாதிரி மத்த பிள்ளைங்களோட வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போச்சு. 2016 தேர்வுக்கு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைங்களுக்குத் தமிழ்த் தாள்ல இருந்து விலக்கு கிடைச்சுது. அவ தெலுங்குல எழுதி பாஸ் பண்ணினா. அப்புறம் ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். 2019 செப்டம்பர்ல உயர்நீதிமன்றம் 2020ல இருந்து 2022 வரைக்கும் விலக்கு குடுத்துச்சு. 2023 பிப்ரவரி 6ல உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு வருஷம் நீட்டிச்சுது. பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளைக்கு, எந்த மொழியில பரீட்சை எழுதப் போறோம்னு கோர்ட்ல இருந்து சேதி வரணும்!

விலக்கு கிடைச்சா பிரச்சனை தீர்ந்துச்சுன்னு அப்ப நானும் நினைச்சேன். தீரலை, தள்ளித்தான் போச்சு. டிகிரி முடிச்சுட்டு அவளுக்கு ஆசை, விஏஓ ஆகணும்னு. 2021 டிசம்பர்ல அரசாணை வந்துச்சு: டிஎன்பிஎஸ்சி தேர்வுகள்ல தமிழ்த் தாள் கட்டாயம், குறைஞ்சது 40 சதவீதம் எடுத்தாதான் மத்த தாளையே பார்ப்பாங்க. இதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். விஏஓ ஆபீஸ்ல தமிழ் தெரியாத ஆளு உட்கார்ந்தா ஜனங்க பாடு என்ன ஆகறது? ஆனா பத்து வருஷம் வாத்தியார் போடாத கடனை, பரீட்சை ஹால்ல ஒத்தையா உட்கார்ந்து அவதான் வட்டியோட கட்டணும். ரெண்டு தடவை எழுதினா, ரெண்டு தடவையும் தமிழ்த் தாள்லயே போச்சு.

"அப்ப ஆந்திராவுக்குப் போக வேண்டியதுதானே"ன்னு கேட்பாங்க. அதையும் விசாரிச்சாச்சு. அங்கே 371-டி பிரிவும் அதன் கீழ் வந்த ஜனாதிபதி உத்தரவும் இருக்கு. அரசு வேலையில பெரும்பங்கு உள்ளூர்க்காரங்களுக்கு. உள்ளூர்க்காரர்னா அந்தப் பகுதியில குறிப்பிட்ட வருஷம் படிச்சிருக்கணும், இல்லை குடியிருந்திருக்கணும். இவ படிச்சது எல்லாம் தமிழ்நாட்டுல. அந்தப் பக்கம் போனா வெளியூர் ஆளு. இந்தப் பக்கம் நின்னா தமிழ்த் தாள். இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிப்டுக்குப் போறா.

இனி கோட்டுக்கு அந்தப் பக்கம். நான் பொட்டி தட்டுறது பெங்களூர்லன்னு சொன்னேன் இல்லையா? எங்க டீம்ல ஒரு பையன், சொந்த ஊரு கோலார் தங்கவயல். தாத்தா காலத்துல வேலூர்ப் பக்கத்துல இருந்து சுரங்க வேலைக்குப் போன குடும்பம். (2001 பிப்ரவரியில சுரங்கத்தை மூடிட்டாங்க.) என்னைவிட சுத்தமாத் தமிழ் பேசுவான். ஒருநாள் அவனுக்கு என் பதிவு ஒண்ணோட லிங்க் அனுப்பினேன். "மச்சி, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நீயே படிச்சுக் காட்டு"ன்னான்.

அவன் கதைக்குப் பின்னாடியும் ஒரு சட்டக் கதை இருக்கு. கர்நாடகாவுல வி.கே.கோகாக் தலைமையில ஒரு குழு, பள்ளியில கன்னடமே ஒரே முதல் மொழியா இருக்கணும்னு 1981ல அறிக்கை குடுத்துச்சு. அதை நிறைவேத்தச் சொல்லி 1982ல பெரிய கிளர்ச்சி, நடிகர் ராஜ்குமார் முன்னாடி நின்னார். அதே வருஷம் ஜூலையில அரசாணை வந்துச்சு. மொழிச் சிறுபான்மையினர் வழக்கு போட்டாங்க, 1989ல கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. திருத்தின கொள்கையை 1993ல உச்சநீதிமன்றம் ஏத்துக்கிச்சு. 2015ல கன்னட மொழி கற்றல் சட்டம். 2017ல கேரளாவுல மலையாளத்துக்கு. 2018ல தெலங்கானாவுல தெலுங்குக்கு. எல்லாம் நம்ம 2006 சட்டத்துக்குத் தம்பிங்க மாதிரி.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. கோகாக் ஆணையைப் பத்திப் பேசும்போது நம்மாளுங்க "தமிழ்ப் பிள்ளைங்க மேல திணிப்பு"ன்னு சொல்லுவாங்க. 2006 சட்டத்தைப் பத்திக் கேட்டா "மொழிப் பாதுகாப்பு"ன்னு சொல்லுவாங்க. நூறு கிலோமீட்டர் தள்ளி நின்னு பார்த்தா வார்த்தை மாறிடுது. நான் ரெண்டு பக்கமும் வாரத்துக்கு ஒரு தடவை பஸ்ல தாண்டறவன், எனக்கு எந்த வார்த்தையைச் சொல்றதுன்னே குழப்பமா இருக்கு. 1938ல ராஜாஜி அரசு பள்ளிகள்ல இந்தியைக் கட்டாயமாக்கினப்போ நாம எதிர்த்தோம், நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்துல உயிரை விட்டாங்க, 1940ல அரசு ஆணையைத் திரும்ப வாங்கிச்சு. 1965லயும் எதிர்த்தோம். 2025லயும் மும்மொழிக்கு மாட்டோம்னு நின்னோம். என் கருத்தும் அதேதான், இந்தியைத் திணிச்சா நானும் தெருவுல நிப்பேன். ஆனா அந்தப் போராட்டத்துக்கு அடியில இருந்த நியாயம் "பிள்ளையோட வாயில இருக்கிற மொழியை மதிக்கணும்"கிறது இல்லையா? அது எங்க மாமா பொண்ணுக்கும் பொருந்தணுமே.

தமிழ்நாட்டுல 2011 கணக்கெடுப்புப்படி தமிழைத் தாய்மொழின்னு சொன்னவங்க 88.37%. தெலுங்கு 5.87%, கன்னடம் 1.78%, உருது 1.75%, மலையாளம் 1.01%. தெலுங்கு மட்டும் 42 லட்சம் பேருக்கு மேல. இவங்க எல்லாம் தமிழ் கத்துக்கணுமா? கட்டாயம் கத்துக்கணும். அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. கத்துக்கிட்டதாலதான் நான் இதை எழுதறேன்.

என் ஆதங்கம் வேற. மொழிக் கொள்கைன்னா மேடைப் பேச்சுன்னு நாம நினைச்சுக்கிறோம். நிஜத்துல அது கால அட்டவணையிலயும் மார்க் ஷீட்லயும்தான் இருக்கு. 'நாலாவது பகுதி, விருப்பம் இருந்தா'ன்னு எழுதின அந்த ஒரு வரி என்ன பண்ணுச்சு? பாஸ், ஃபெயில்ல கணக்கு இல்லாத பாடத்தைப் பத்தாவது படிக்கிற பிள்ளை ஏன் படிக்கும்? அப்பா அம்மாவே "அதை விடு, கணக்கைப் பாரு"ன்னுதான் சொல்லுவாங்க. படிக்கிற பிள்ளை குறைஞ்சா வாத்தியார் போஸ்ட் போகும். வாத்தியார் போனா அந்தப் பாடமே போகும். யாரும் எதையும் தடை பண்ண வேண்டாம். ஒரு பாடத்தை ஒண்ணாம் இடத்துல இருந்து நாலாம் இடத்துக்கு நகர்த்தினா போதும், மீதியை நம்ம வீடுகளே செய்து முடிச்சிடும்.

இந்த விஷயம் அரசாங்கத்துக்கும் புரிஞ்சிருக்குன்னு தோணுது. 2024-25ல இருந்து பத்தாம் வகுப்புல விருப்ப மொழிப் பாடத்தோட மார்க்கையும் சான்றிதழ்ல சேர்க்க முடிவு பண்ணினாங்க. நல்ல முடிவு, மனசார வரவேற்கிறேன். இதை 2006லயே செய்திருந்தா? அதோட, எந்த ஊர்ல தமிழைக் கட்டாயமாக்கினாங்களோ அந்த ஊருக்கு முதல் வருஷமே தமிழ் வாத்தியாரை அனுப்பியிருந்தா? பாதி வழக்கு கோர்ட் படியே ஏறியிருக்காது.

இன்னொரு கூத்து. இத்தனை சண்டைக்கும் நடுவுல மாமா ஊர்ல இப்ப என்ன நடக்குதுன்னா, தெலுங்கும் வேண்டாம், தமிழும் வேண்டாம்னு இங்கிலீஷ் மீடியம் வேன் வந்து பிள்ளைங்களை அள்ளிக்கிட்டுப் போகுது. நம்ம ரெண்டு பேரும் திண்ணைக்கு அடிச்சுக்கிட்டு இருக்கும்போது மூணாவது ஆள் வீட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டான்.

சரி, நோட்டுக்கு வர்றேன். பொங்கல் முடிஞ்சு பெங்களூர் போற வழியில ஓசூர்ல இறங்கி மாமா வீட்டுக்குப் போனேன். மாமா பொண்ணு நைட் ஷிப்ட் முடிச்சு தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தா. நோட்டைக் கையில குடுத்தேன். முதல் பக்கத்தைச் சத்தமாப் படிக்க ஆரம்பிச்சா. நாலு வரி போனதும் நிறுத்திட்டுச் சிரிச்சா.

"பாவா, இது தெலுங்கே இல்ல. தமிழு."

"என்னடி சொல்ற?"

"எழுத்துதான் தெலுங்கு. கேளுங்க: 'ராகி ரெண்டு மூட்டை, சந்தைக்குப் போனது. ஏர் மாடு ஜதை, முன்பணம் குடுத்தது. பையனுக்கு சிலேட்டு, பல்பம்.'"

தாத்தா தமிழ்லதான் கணக்கு எழுதியிருக்கார். வியாபாரம் பண்ணின ஆளுங்க தமிழ் பேசினவங்க, அதனால மனசுல கணக்கு ஓடினதும் தமிழ்லதான் போல. கைக்குத் தெரிஞ்ச எழுத்து தெலுங்கு, அதுல எழுதி வெச்சுட்டார். நடுநடுவுல வீட்டு விஷயம் வரும்போது மட்டும் தெலுங்குக்குத் தாவுது. அவ்வாவுக்கு உடம்பு முடியாம போனது, மழை வராதது எல்லாம் தெலுங்குல. கடன், வட்டி எல்லாம் தமிழ்ல. அவரைப் பொறுத்தவரைக்கும் எந்தப் பகுதி முதல், எந்தப் பகுதி நாலுங்கிற கணக்கே இருந்திருக்காது.

அந்த "பையனுக்கு சிலேட்டு, பல்பம்" எங்க அப்பாவுக்கு. அவர் தமிழ் கத்துக்கப் போன சிலேட்டு. வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "எவ்ளோன்னு போட்டிருக்கார்?"னு கேட்டார். விலை எழுதின இடத்தைக் கரையான் தின்னுடுச்சு.

இப்ப எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வீடியோ கால். அவ எனக்குத் தெலுங்கு எழுத்து சொல்லித் தர்றா, நான் அவளுக்கு டிஎன்பிஎஸ்சி தமிழ்த் தாளுக்குப் பாடம் எடுக்கறேன். அவ வேகமா கத்துக்கறா. எனக்கு இன்னும் 'ம'வுக்கும் 'வ'வுக்கும் குழப்பம் தீரலை. அடுத்த தேர்வுல அவ 40 தாண்டிட்டா சொல்றேன்.

உங்க வீட்டுப் பரண்லயும் இந்த மாதிரி யாரும் படிக்க முடியாத நோட்டு, பத்திரம், கடுதாசி ஏதாவது இருந்தா தயவுசெய்து போகியில போட்டுடாதீங்க. எந்த எழுத்துன்னு பாருங்க. பெங்களூர், மும்பை, மலேசியான்னு இருக்கிற நம்மாளுங்க வீட்ல தமிழ் நோட்டே அப்படி யாரும் படிக்காம கிடக்கலாம். உங்க ஊர்ல, உங்க வீட்ல எப்படின்னு சொல்லுங்க மக்கா.

டிஸ்கி: இது எந்தக் கட்சிக்கும் ஆதரவான பதிவும் இல்லை, எதிரான பதிவும் இல்லை. உள்குத்து தேடி ஏமாறாதீங்க. "நீ தமிழனா தெலுங்கனா"ன்னு கேட்க நினைக்கிறவங்களுக்கு: கம்பைநல்லூர்க்காரன். மொரப்பூர்ல இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க.